கேப்டன் பேட்ரிக் பிரவுன்: வியட்நாம் போர்முனையிலிருந்து நியூயார்க் தீயணைப்பு நிலையம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் உயிரிழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர். அவர்களுள் கேப்டன் பேட்ரிக் பிரவுனும் ஒருவர். அவரைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றியே கேட்கிறார்கள். அதற்கு முன்பு அவர் வியட்நாமில் போர்வீரராகவும், பிறகு 24 ஆண்டுகள் தீயணைப்பு வீரராகவும் வாழ்ந்திருக்கிறார். அந்த 24 ஆண்டுகளை அறியாமல் அந்தக் காலையில் அவர் செய்ததைச் சரியாக மதிப்பிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இங்குள்ள விடைகளில் அந்த ஆண்டுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பேட்ரிக் பிரவுன் யார்?

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 1952 நவம்பர் 9 அன்று பிறந்தார். நண்பர்களும் சக வீரர்களும் அவரைப் 'பேடி' என்று அழைத்தார்கள். பதின்பருவத்திலேயே அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து வியட்நாம் போரில் பங்கேற்றார். ஊர் திரும்பிய பின் 1977-ல் நியூயார்க் தீயணைப்புத் துறையில் சேர்ந்தார். லெப்டினன்டாகவும் பின்னர் கேப்டனாகவும் உயர்ந்து, மன்ஹாட்டனின் கிழக்கு 13-ஆம் தெருவில் உள்ள 'லேடர் 3' என்ற ஏணி வண்டிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். துறையில் மிக அதிகமாகப் பாராட்டுகளும் பதக்கங்களும் பெற்ற அலுவலர்களுள் ஒருவராக அவர் வாழ்ந்த காலத்திலேயே அறியப்பட்டிருந்தார். இறக்கும்போது அவருக்கு வயது 48.

இவ்வளவு இளம் வயதில் போருக்குச் செல்ல முடியுமா?

பெற்றோரின் ஒப்புதல் இருந்தால் 17 வயது நிறைந்தவர் அமெரிக்கப் படைகளில் சேரலாம். அந்த விதி இன்றும் உள்ளது. வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ஆள்சேர்ப்பு நடைமுறையில் இருந்தது. ஆனாலும் நியூயார்க்கின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதிகளிலிருந்து, அழைப்பாணைக்குக் காத்திராமல் தாமாகவே சென்று சேர்ந்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள். ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த அந்தப் பகுதிகளில் படை, காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகிய மூன்றும் ஓர் இளைஞன் இயல்பாகவே எண்ணிப்பார்க்கும் வழிகளாக இருந்தன.

போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அந்த நாளில் என்ன உதவி கிடைத்தது?

மிகக் குறைவாகவே கிடைத்தது. போர்முனையில் கண்டதும் செய்ததும் ஒருவரின் உறக்கத்தையும் மன அமைதியையும் பல ஆண்டுகளுக்குக் குலைக்கக்கூடும் என்பது பழங்காலம் முதல் அறியப்பட்டதுதான். எனினும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று அதற்கு ஒரு முறையான பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு கொடுத்தது 1980-ல்தான். அதற்கு முன் திரும்பி வந்தவர்களிடம் உடம்புக்கு என்ன என்று கேட்க மருத்துவர்கள் இருந்தார்கள். மனத்துக்கு என்ன என்று கேட்க ஏறக்குறைய யாரும் இல்லை. பிரவுன் தீயணைப்புத் துறையில் சேர்ந்தது அந்தப் பெயர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னாள் படைவீரர்கள் பலர் தீயணைப்புத் துறையைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. நியூயார்க் மாநில அரசியலமைப்பின்படி, அரசுப் பணிக்கான போட்டித் தேர்வில் தேர்ச்சி பெறும் முன்னாள் படைவீரருக்கு 5 மதிப்பெண்ணும், போரில் உடல் ஊனமுற்றவருக்கு 10 மதிப்பெண்ணும் கூடுதலாக வழங்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒரு மதிப்பெண்ணே வரிசையில் நூற்றுக்கணக்கான இடங்களை மாற்றிவிடும் என்பதால், இந்தச் சலுகை சிறியதன்று. வயது வரம்பைக் கணக்கிடும்போது படையில் கழித்த ஆண்டுகளை ஓர் அளவுவரை தள்ளிவிடும் வழக்கமும் உள்ளது.

இன்னொரு காரணம் வாழ்க்கை முறை சார்ந்தது. நியூயார்க் தீயணைப்பு நிலையத்தில் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழு ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்டு, ஒரே வண்டியில் ஏறி, ஒரே வாசல் வழியாகப் புகைக்குள் நுழைகிறது. ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே வகுத்த பணி உண்டு. ஒருவர் தன் பணியைத் தவறவிட்டால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து. போர்முனையில் சிறு பிரிவாக இயங்கிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு தெரிந்த ஒன்று. தைரியம் இருப்பதால்தான் படைவீரர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். தம்மை நம்பும் நான்கு பேரும், தாம் நம்பும் நான்கு பேரும் உள்ள ஓர் இடத்தைத் தேடியே அவர்களில் பலர் வந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் சேர்ந்த 1977-ஆம் ஆண்டில் நியூயார்க் எப்படி இருந்தது?

எரிந்துகொண்டிருந்தது. 1960-களின் இறுதியிலிருந்து 1970-களின் இறுதிவரையிலான காலத்தைத் துறையினர் இன்றும் 'போர் ஆண்டுகள்' என்றே குறிப்பிடுகிறார்கள். தெற்கு பிராங்ஸ், ஹார்லெம், புரூக்ளினின் பிரவுன்ஸ்வில், புஷ்விக் போன்ற பகுதிகளில் வீட்டு உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டார்கள். வாடகையைவிடக் காப்பீட்டுத் தொகை பெரிதாகத் தெரிந்தபோது தீ வைப்பதும் நடந்தது. பழைய மின்கம்பிகளாலும், குளிருக்கு மூட்டிய அடுப்புகளாலும் பற்றிய தீயும் குறைவில்லை. இந்த நிலையில்தான் நகர நிர்வாகம், ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணித மாதிரிகளைத் துணைக்கொண்டு சில தீயணைப்புப் பிரிவுகளை மூடியது. அவற்றுள் பல, தீ மிகுந்த ஏழைப் பகுதிகளிலேயே இருந்தவை. 1975-ல் நகரம் திவாலாகும் விளிம்புக்குச் சென்றபோது தீயணைப்பு வீரர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலையை இழந்தார்கள்.

1977 ஜூலை 13 இரவு ஏறக்குறைய நகரம் முழுவதும் மின்சாரம் நின்றது. அந்த ஓர் இரவிலும் மறுநாளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பற்றியது. அதே ஆண்டில் துறைக்குள் நுழைந்த புதியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், ஒரே பணிநேரத்தில் பல கட்டடத் தீகளுக்குள் சென்று திரும்பிய மூத்தவர்கள். ஒரு கதவின் மேற்புறம் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகை எந்த நிறத்தில் எந்த வேகத்தில் வெளியேறுகிறது, தரை எப்படி அதிர்கிறது என்பனவற்றை வைத்து அடுத்த இரண்டு நிமிடங்களில் என்ன நேரும் என்று கணிக்கும் அறிவு பயிற்சிப் பள்ளியில் முழுவதும் கிடைப்பதில்லை. பிரவுனின் தலைமுறைக்கு அது தெருவிலேயே கிடைத்தது.

கேப்டன், லெப்டினன்ட் என்பன ராணுவப் பதவிகள்தானே? தீயணைப்புத் துறையில் எப்படி வந்தன?

நியூயார்க்கில் இந்த உறவு அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம்வரை பின்னோக்கிச் செல்கிறது. முதலில் தீயணைப்பு வீரர்களே போருக்குச் சென்றார்கள். 1861-ல் எல்மர் எல்ஸ்வொர்த் என்ற இளம் அதிகாரி, நியூயார்க்கின் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களிலிருந்து ஆள் திரட்டி 11-ஆவது நியூயார்க் காலாட்படையை அமைத்தார். அந்த ஆண்டு மே மாதம் வாஷிங்டனில் வில்லார்டு விடுதியை ஒட்டிய கட்டடம் தீப்பற்றியபோது, முகாமிட்டிருந்த இந்தப் படைவீரர்களே ஓடிச்சென்று அணைத்தார்கள். அதே மாதத்தில் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் எல்ஸ்வொர்த் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1865-ல் தன்னார்வக் குழுக்களுக்குப் பதிலாக ஊதியம் பெறும் துறை உருவானது. புதிய துறையில் ஒழுங்கு குலைந்திருந்தது. அதைச் சீர்செய்ய 1867-ல் பொறுப்பேற்றவர் ஜெனரல் அலெக்சாண்டர் ஷேலர். அவர் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் தலைமை தாங்கியவர். 1863-ல் மேரீஸ் ஹைட்ஸ் குன்றில் நடந்த தாக்குதலில் காட்டிய துணிவுக்காக, பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்கு வழங்கப்பட்டது. துறையை ராணுவ ஒழுங்கின்படி மாற்றியமைத்தவர் அவரே. போரில் விருது பெற்ற ஒருவர் தீயணைப்புத் துறைக்கு வருவது நியூயார்க்கில் புதிய கதை அன்று. துறை இன்று இயங்கும் முறையே அத்தகைய ஒருவரிடமிருந்து வந்தது.

'லேடர்' பிரிவின் வேலை என்ன? தண்ணீர் பாய்ச்சுவதா?

இல்லை. நியூயார்க்கில் 'எஞ்சின்' பிரிவு தண்ணீரையும் குழாயையும் கொண்டுவருகிறது. ஏணி வண்டியில் வரும் 'லேடர்' பிரிவு கதவுகளை உடைத்து வழி உண்டாக்கும், உள்ளே சிக்கியவர்களைத் தேடும், கூரையையும் சன்னல்களையும் திறந்து புகையையும் வெப்பத்தையும் வெளியேற்றும். ஓர் அலுவலரும் ஐந்து வீரர்களும் கொண்ட இந்தப் பிரிவில், கூரைக்குச் செல்பவர் யார், வெளிப்புறச் சன்னலைக் கவனிப்பவர் யார், கதவை நெம்புபவர் யார் என்பது வண்டி புறப்படும் முன்பே முடிவாகியிருக்கும். கதவை நெம்புபவர் கையில் ஒரு கோடரியும் 'ஹாலிகன்' என்ற இரும்புக் கருவியும் இருக்கும். 1940-களின் இறுதியில் ஹியூ ஹாலிகன் என்ற நியூயார்க் தீயணைப்பு அதிகாரி உருவாக்கிய அந்தக் கருவி இன்று உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது.

பெரும்பாலும் தண்ணீர் வந்து சேரும் முன்பே இவர்கள் தீயிருக்கும் தளத்துக்குள்ளும் அதற்கு மேல் தளத்துக்குள்ளும் தேடச் செல்கிறார்கள். பாதுகாப்புக்கு நீர்க்குழாய் கையில் இல்லை. ஆகவே 'லேடர்' பிரிவின் கேப்டனுக்குத் தேவைப்படும் முதன்மையான குணம், எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், எப்போது ஆட்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று நொடிகளில் தீர்மானிக்கும் நிதானம்.

இவை தவிர 'ரெஸ்க்யூ' என்ற சிறப்பு மீட்புப் பிரிவுகள் ஐந்து உள்ளன. அவற்றுள் மூத்தது 1915-ல் மன்ஹாட்டனில் தொடங்கப்பட்ட 'ரெஸ்க்யூ 1'. அனுபவம் மிக்கவர்களையே அதில் எடுப்பார்கள். பிரவுன் அங்கு லெப்டினன்டாகப் பணியாற்றினார்.

1991-ஆம் ஆண்டுக் கயிறு மீட்பு பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1991 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தை அடுத்த ஓர் உயரமான கட்டடத்தின் 12-ஆவது தளத்தில் தீப்பற்றியது. இரண்டு ஆண்கள் சன்னல்களுக்கு வெளியே தொங்கும் நிலையில் நின்றார்கள். பின்னால் புகை, கீழே தெரு. ஏணி எட்டவில்லை. உட்புறமாகச் சென்று அவர்களை அடைய நேரமும் இல்லை. 'ரெஸ்க்யூ 1' குழு கூரைக்குச் சென்றது. குழுவின் அலுவலர் பிரவுன்.

கயிற்றில் ஒருவரை இறக்க வேண்டுமானால் முதல் விதி, கயிற்றை அசையாத ஏதாவதொன்றில் கட்ட வேண்டும் என்பது. கூரையில் அப்படிக் கட்டுவதற்கு ஏற்ற எதுவும் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. தேடிக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர்கள் கைவிட்டு விழுந்துவிடுவார்கள். பிரவுனும் உடனிருந்த வீரர்களும் தங்கள் உடல்களையே நங்கூரமாக வைத்துக் கயிற்றைப் பிடித்தார்கள். பேட்ரிக் பார், கெவின் ஷே என்ற இரண்டு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுவரின் வெளிப்புறத்தில் இறக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரும் சன்னலில் இருந்த ஒருவரைப் பற்றிக்கொள்ள, அந்த நொடியில் கயிற்றின் சுமை இரண்டு மடங்கானது. மேலே இருந்தவர்கள் விடவில்லை. இருவரும் காப்பாற்றப்பட்டார்கள். தெருவிலிருந்து எடுத்த காணொளி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதால் நகரமே அதைப் பார்த்தது.

இந்த நிகழ்வின் பின்னணியில் பலரும் குறிப்பிடாத ஒன்று இருக்கிறது. 1980 ஜூனில் ஹார்லெமில் சன்னலில் சிக்கிய சக வீரர் ஒருவரை மீட்க இன்னொரு வீரர் கயிற்றில் இறங்கினார். இருவர் எடையும் சேர்ந்தபோது கயிறு அறுந்தது. இருவருமே இறந்தார்கள். அதன் பிறகுதான் துறை தன் உயிர்காப்புக் கயிறுகளை மாற்றியது, பயிற்சியை மாற்றியது, கயிறுகளுக்கு நாடு தழுவிய தர அளவும் வகுக்கப்பட்டது. 1991-ல் கயிறு தாங்கியதற்குப் பின்னால் 1980-ல் இறந்த இருவர் இருக்கிறார்கள். துணிச்சலைப் புகழும்போது அந்தக் கயிற்றின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

கெவின் ஷே 1993 பிப்ரவரி 26 அன்று உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது, உள்ளே தேடச் சென்று, வெடிப்பில் உண்டான பெருங்குழிக்குள் விழுந்து பலத்த காயமடைந்தார். பிரவுனின் வட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கோபுரங்கள் 2001-க்கு முன்பே அறிமுகமானவை.

தீயணைப்பு வீரர்களுக்குப் பதக்கங்கள் எப்படி வழங்கப்படுகின்றன?

நியூயார்க் துறை ஆண்டுதோறும் ஒரு நாளில் முந்தைய ஆண்டின் துணிகரச் செயல்களுக்குப் பதக்கங்களை வழங்குகிறது. மிகப் பழையதும் உயர்ந்ததுமான பதக்கம் 1869-ல் செய்தித்தாள் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் நிறுவியது. அண்மை ஆண்டுகளில் அதற்குத் தலைமை அதிகாரி பீட்டர் கான்சியின் பெயர் சூட்டப்பட்டது. கான்சியும் முன்னாள் படைவீரர். 82-ஆவது வான்வழிப் பிரிவில் பாராசூட் வீரராக இருந்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று துறையின் சீருடைப் பணியாளர்களுள் மிக உயர்ந்த பதவியில் இருந்தார். முதல் கோபுரம் சரிந்த பின்னும் வளாகத்தை விட்டு அகலாமல் பணியாற்றி, இரண்டாவது கோபுரம் சரிந்தபோது இறந்தார்.

பணி நேரத்துக்கு வெளியே அவர் எப்படிப்பட்டவர்?

கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்றவர். பார்வையற்றவர்களுக்குத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தார். யோகப் பயிற்சியும் செய்துவந்தார். என் பார்வையில், அவர் பெற்ற எந்தப் பதக்கத்தையும்விட, கண் தெரியாத ஒருவருக்கு எதிராளியின் கை எந்தத் திசையிலிருந்து வரும் என்று பொறுமையாகப் பழக்கிக் கொடுத்ததே அவரை நன்றாகக் காட்டுகிறது. அடர்ந்த புகைக்குள் தீயணைப்பு வீரருக்கும் பார்வை இல்லை. தொட்டும் கேட்டும்தான் அவர் வழி அறிகிறார்.

2001 செப்டம்பர் 11 அன்று 'லேடர் 3' என்ன செய்தது?

காலை 8:46-க்கு முதல் விமானம் வடக்குக் கோபுரத்தின் 93 முதல் 99 வரையிலான தளங்களில் மோதியது. தீயணைப்பு நிலையங்களில் காலை 9 மணி என்பது பணி மாறும் நேரம். இரவுப் பணி முடித்தவர்களும் பகல் பணிக்கு வந்தவர்களும் ஒரே சமயத்தில் நிலையங்களில் இருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் இருந்த பலர் வண்டியில் ஏறினார்கள். அன்று 'லேடர் 3' பிரிவில் வழக்கமான ஆறு பேருக்குப் பதிலாகப் பதினோரு பேர் இறந்ததற்கு இதுவே காரணம்.

வடக்குக் கோபுரத்தில் தீயை அணைக்க முடியாது என்பதை மூத்த அதிகாரிகள் மிக விரைவிலேயே உணர்ந்தார்கள். மக்களை வெளியேற்றுவதே பணி என்று முடிவாயிற்று. கோபுரத்தில் 99 மின்தூக்கிகள் இருந்தும் ஏறக்குறைய அனைத்தும் செயலிழந்துவிட்டதால், வீரர்கள் படியேறினார்கள். மொத்தம் மூன்று படிக்கட்டுகள். அவற்றுள் இரண்டின் அகலம் 112 சென்டிமீட்டர்தான். ஒரு பக்கம் மக்கள் இறங்க, மறுபக்கம் தடித்த உடையும் காற்றுக்கலமும் கருவிகளுமாக 25 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையுடன் வீரர்கள் ஏறினார்கள். சில தளங்களுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்காமல் யாராலும் ஏற முடியவில்லை.

35-ஆவது தளத்திலிருந்து பிரவுன் துறையின் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் பேசினார். வானலைக் கருவிகள் நெரிசலில் தடுமாறிய நேரத்தில், வேலைசெய்த ஒரு தொலைபேசியைத் தேடிப் பிடித்துத் தகவல் சொன்னதே அனுபவத்தின் அடையாளம். படிக்கட்டுகள் எல்லாவற்றிலும் மக்கள் இறங்கிவருகிறார்கள், தீக்காயமடைந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களை முதலில் கீழே அனுப்ப முயல்கிறேன், நாங்கள் இன்னும் மேலே சென்றுகொண்டிருக்கிறோம் என்பதே அவர் கூறியதன் சாரம். அதில் பதற்றமோ வீர வசனமோ இல்லை. எங்கே இருக்கிறோம், என்ன பார்க்கிறோம், என்ன செய்கிறோம் என்ற மூன்றும் ஒழுங்காக இருந்தன.

காலை 9:59-க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. 10:28-க்கு வடக்குக் கோபுரமும் சரிந்தது. 'லேடர் 3' வீரர்கள் யாரும் திரும்பவில்லை. விமானம் மோதிய தளங்களுக்குக் கீழே இருந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் உயிருடன் வெளியேறினார்கள்.

வெளியேறும் உத்தரவை அவர் கேட்டும் மறுத்தாரா?

தெற்குக் கோபுரம் சரிந்த சில நிமிடங்களுக்குள்ளேயே வடக்குக் கோபுரத்தில் இருந்த வீரர்களுக்கு வெளியேறும் உத்தரவு வானலையில் சொல்லப்பட்டது. அமெரிக்க அரசு அமைத்த விசாரணை ஆணையம் இதை விரிவாக ஆராய்ந்தது. சில பிரிவுகள் உத்தரவைக் கேட்கவே இல்லை. சிலர் கேட்டு இறங்கினார்கள். கேட்டும், காயமடைந்தவர்களையும் நடக்க முடியாதவர்களையும் விட்டு வர மனமின்றி மெதுவாக இறங்கியவர்களும் உண்டு. பக்கத்துக் கோபுரமே இல்லாமல் போய்விட்டது என்பது உள்ளே இருந்த பலருக்குத் தெரியாது.

பிரவுனின் இறுதி நிமிடங்களுக்கு ஒரு வசனத்தை எழுதிச் சேர்க்கும் ஆசை பலருக்கு இருந்திருக்கிறது. தீக்காயமடைந்தவர்களை முதலில் அனுப்புகிறேன் என்று அவரே 35-ஆவது தளத்திலிருந்து சொன்னது பதிவாகியிருக்கும்போது, அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அதேவேளையில், வானலைக் கருவிகள் உயரமான கட்டடத்தில் சரியாக இயங்காது என்பது 1993-லேயே வெளிப்பட்டிருந்தும் முழுமையாகச் சரிசெய்யப்படவில்லை என்ற உண்மையை, வீரத்தைப் பாராட்டும் சொற்களால் மூடிவிடக் கூடாது. உத்தரவைக் கேட்டு மறுப்பது ஒருவரின் தேர்வு. உத்தரவே போய்ச் சேராதது நிர்வாகத்தின் தவறு.

இவரைப் போல வேறு முன்னாள் படைவீரர்கள் அன்று இறந்தார்களா?

பலர் இருந்தார்கள். அவர்களுள் ரொனால்டு புக்காவின் வாழ்க்கை தனியாகச் சொல்லத் தகுந்தது. அவர் ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் பிரிவில் பணியாற்றியவர். தீயணைப்பு வீரரான பின்னும் ராணுவத்தின் துணைப்படையில் சிறப்புப் பிரிவிலும் உளவுப் பிரிவிலும் தொடர்ந்தார். 1986-ல் 'ரெஸ்க்யூ 1' வீரராக இருந்தபோது, சிக்கிக்கொண்ட ஓர் அலுவலரை மீட்கும் முயற்சியில் ஐந்து தளங்கள் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. வழியில் ஒரு கம்பியில் மோதியதால் உயிர் பிழைத்தார். ஓய்வூதியத்துடன் விலகியிருக்கலாம். ஓராண்டு உடற்பயிற்சி செய்து அதே 'ரெஸ்க்யூ 1'-க்குத் திரும்பினார். பின்னர் தீ விபத்துகளின் காரணத்தைப் புலனாயும் ஃபயர் மார்ஷல் ஆனார்.

2001-ல் தெற்குக் கோபுரத்தில், பல தீயணைப்புப் பிரிவுகள் அடங்கிய 'பட்டாலியன்' ஒன்றின் தலைவர் ஓரியோ பால்மர் ஒரு மின்தூக்கியைச் சரிசெய்து 40-ஆவது தளம்வரை சென்று, அங்கிருந்து படியேறி விமானம் மோதிய பகுதியான 78-ஆவது தளத்தை எட்டினார். புக்காவும் அந்த உயரம்வரை ஏறியிருந்தார். அங்கே காயமடைந்தவர்களைக் கண்டு, கீழிருப்பவர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னர் கிடைத்த வானலைப் பதிவு காட்டியது. சில நிமிடங்களில் கோபுரம் சரிந்தது.

2003-ல் தெற்கு ஈராக்கில் உம் கஸ்ர் துறைமுகத்துக்கு அருகே அமெரிக்கப் படை நடத்திய தடுப்பு முகாமுக்கு 'கேம்ப் புக்கா' என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. ஒருகட்டத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைத்துவைக்கப்பட்டார்கள். பின்னாளில் ஐஎஸ் அமைப்பின் தலைவரான அபூபக்கர் அல் பாக்தாதியும் 2004-ல் அங்கே இருந்தவர். அதனால் இன்று அந்தப் பெயரைக் கேட்பவர்களில் பலருக்குச் சிறைமுகாம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. உயிர்களைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் பெயர் அப்படி நினைக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பிரவுனுக்கும் அவரது குழுவுக்கும் நினைவுச்சின்னம் உள்ளதா?

பிரவுனின் நினைவு வழிபாடு அவரது பிறந்தநாளான நவம்பர் 9 அன்று நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் நடைபெற்றது. உலக வர்த்தக மையம் இருந்த இடத்தில் அமைந்துள்ள நினைவிடத்தில், தெற்குக் குளத்தைச் சுற்றிய வெண்கலப் பலகைகளில் மீட்புப் பணியாளர்களின் பெயர்கள் அவரவர் பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 'லேடர் 3' வீரர்களின் பெயர்கள் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

நிலத்தடி அருங்காட்சியகத்தில் அவர்கள் சென்ற வண்டியே வைக்கப்பட்டுள்ளது. 2011 ஜூலையில், கட்டுமானம் முடியும் முன்பே, பாரந்தூக்கி மூலம் அதைக் கீழே இறக்கினார்கள். கட்டடம் முடிந்துவிட்டால் அவ்வளவு பெரிய வண்டியை உள்ளே கொண்டுசெல்ல வழியிருக்காது. வண்டியின் முன்பகுதி முற்றிலும் சிதைந்திருக்கிறது.

'லேடர் 3' இப்போதும் இயங்குகிறதா?

இயங்குகிறது. 2001-ல் அனுபவம் மிக்க வீரர்களை ஒரே நாளில் இழந்த பின், பிற பிரிவுகளிலிருந்து வந்தவர்களும் புதிதாகப் பயிற்சி முடித்தவர்களும் அதை மீண்டும் நிரப்பினார்கள். அதே கிழக்கு 13-ஆம் தெரு நிலையத்திலிருந்து, புதிய வண்டியில், கீழ் மன்ஹாட்டனின் அழைப்புகளுக்கு அந்தப் பிரிவு இன்றும் செல்கிறது.